இலவம் பஞ்சு அடைத்த பெட்டி

சேதுபதியின் வேன் மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆவணி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஊர் முழுக்கச் சுதந்திரப் பேச்சு. மாதக் கடைசியில் வெள்ளைக்காரன் கொடி இறங்கப் போகிறது என்று கடைத்தெருவில் எல்லோரும் காகிதத் தோரணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எந்தக் கொடி ஏறினால் என்ன என்றிருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் என் தங்கை சீதா செத்துப்போயிருந்தாள். அவளுடைய புருஷன்தான் இந்தச் சேதுபதி.

இளைப்பு வந்து மூச்சு நின்றுவிட்டது என்றான். டாக்டரும் அதையே எழுதிக் கொடுத்தார். சீதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். யாரும் எதையும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அவன் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரியும். காரணம் கேட்டால் அப்போது சொல்லத் தெரியாது.

வேனிலிருந்து பிளைவுட் பலகைகளை இறக்கினான். கூடவே வாய் கட்டிய ஒரு கோணிச்சாக்கும் இறங்கியது. அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

"சகல, ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி வேணும்" என்றான் என் கணவர் தேவதாஸிடம். "முப்பத்தொண்ணாந்தேதி சங்க மண்டபத்துல ரேடியோவப் போட்டு ஸ்பீக்கர்ல விடறோம். கோலாலம்பூர்ல கொடி ஏத்துறது இங்க ஒக்காந்து கேக்கலாம். கூட்டம் நெறைய வரும் லா. பெட்டி பாக்க அழகா இருக்கணும்."

சேதுபதி மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். என் கணவர் தச்சர். அவனுக்கு வேண்டிய பெட்டிகளையெல்லாம் அவர்தான் செய்து கொடுப்பார். உப்புத்தாள் தேய்ப்பதும் அரக்கு பாலிஷ் போடுவதும் என் வேலை. சீதா போன பிறகு அவனுக்கு வேலை செய்ய வேண்டாமென்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். என் கணவர் நல்லவர். நல்லவர் என்றால் யாரோடும் சண்டை போடத் தெரியாதவர் என்று அர்த்தம்.

வேனில் ஏறும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"முப்பத்தொண்ணுக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை என் கலியாணம் அக்கா. ருக்மணி அக்கா மக மல்லிகா. வந்துடுங்க."

ஈரத் துணி என் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. மல்லிகாவுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு தெரு தள்ளி வீடு. ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோவிலில் பூக் கட்டும்போது என் பக்கத்தில்தான் உட்காருவாள். வாய் ஓயாமல் பேசுவாள். நான் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினேன்.

பத்து நாளில் இரண்டு பெட்டிகளும் உருவாகின. இடுப்பு உயரம். முக்கால் அங்குலப் பலகை. மூலைகளுக்கு உள்ளே சட்டம் கொடுத்து, தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசையைக் காய்ச்சித் தடவி, திருகாணி போட்டு இறுக்கினார். எங்கேயும் காற்றுப் போகக் கூடாது என்று இடுக்குகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். வீடெல்லாம் வச்சிரத்தின் தோல் நாற்றம். முன்பலகையில் ஸ்பீக்கருக்கு வட்டமாக வெட்டி, அதன்மேல் பழுப்புத் துணி இழுத்துக் கட்டினார். ஸ்பீக்கரை மண்டபத்தில் வைத்துத்தான் மாட்டுவார், இங்கே மாட்டினால் தூசி ஏறும். ஒவ்வொரு பக்கத்தையும் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பார். பெட்டி தன் பங்குக்குச் சத்தம் போடக் கூடாது, ஸ்பீக்கர் மட்டும்தான் பேச வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்குத்தான் உள்ளே பஞ்சு அடைப்பது. அடைக்கும் அன்று நான் அரக்கு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பின்பலகை மூடியிருந்தது.

பாலிஷ் போட ஆரம்பித்தேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணி உருண்டையில் தொட்டு, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். மழை நேரத்தில் போட்டால் வெளுத்துப் போகும், பலகைமேல் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் நல்ல வெயிலில்தான் போடுவேன். அன்று உச்சி வெயில். தகரக் கூரை சூட்டில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. முதல் பெட்டி கண்ணாடி போல வந்தது.

இரண்டாவது பெட்டியின் முன்பலகையில், துணிக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பூத்தது.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போய்விட்டது. அடுத்த கை போட்டேன். அதே இடத்தில் மறுபடியும் வந்தது. இந்த வெயிலில் ஈரம் எங்கேயிருந்து வருகிறது என்று எரிச்சலோடு உற்றுப் பார்த்தேன்.

அந்த வெள்ளை பெரிதாகியது. சிறிதாகியது. மறுபடி பெரிதாகியது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னம்மா எட்டிப் பார்த்தாள். மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். பெயர்தான் தமிழ், பேசுவதெல்லாம் மலாய்.

"சியாப்பா சாக்கிட், கமலம்?"

யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறாள். யாருக்கும் இல்லை, வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றேன். பொன்னம்மா நம்பவில்லை. காலையிலிருந்து யாரோ மூச்சு முட்டி இழுக்கிற சத்தம் கேட்கிறதே என்று மலாயில் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன் தங்கச்சி வந்தால் இப்படித்தானே கேட்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. செத்தவளைப் பற்றி உச்சி வேளையில் என்ன பேச்சு என்று மலாயிலேயே கத்தினேன். அவள் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கும் கேட்டது.

கீ... கீ... என்று மெல்லிய இழுப்பு. நெஞ்சுக்குள் ஒரு விசில் அடைத்துக்கொண்டதுபோல. இருபது வருஷம் ஒரே பாயில் என் பக்கத்தில் கேட்ட சத்தம். தலையணையை உயர்த்தி வைத்து, முதுகைத் தடவிவிட்டு, விடியும்வரை நான் எண்ணிக்கொண்டு கிடந்த சத்தம்.

பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

முன்பக்கத் துணி உள்ளே போனது.

வெளியே வந்தது.

உள்ளே ஸ்பீக்கர் இல்லை. கம்பி இல்லை. பின்னால் பதினாறு திருகாணி போட்டு மூடிய மரப்பெட்டி. நான் ஓடவில்லை. அப்போது அந்தத் துணியின் வழியாக ஒரு வாசனை வந்தது. வச்சிரமும் அரக்கும் தாண்டி, காய்ந்த நொச்சி இலை வாசனை.

சீதாவின் கலியாணத்துக்கு ஒரு தலையணையை நானே தைத்துக் கொடுத்தேன். இளைப்புக்கு நல்லதென்று, கிளேபாங் கடற்கரையில் நொச்சி பறித்து, நிழலில் உலர்த்தி, இலவம் பஞ்சோடு கலந்து அடைத்தேன். இந்த மலாக்காவில் அப்படி ஒரு தலையணை வேறு யாரிடமும் கிடையாது. அவள் செத்த அன்று, படுத்த பாயும் தலையணையும் பாடையோடு போக வேண்டுமே, எங்கே என்று நானே கேட்டேன். அனுப்பியாச்சு, சுடுகாட்டில் போட்டுவிட்டார்கள் என்று சேதுபதி சொன்னான்.

என் கணவர் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"இந்தப் பஞ்சு ஏது?"

"சகல குடுத்தான். சாக்குல கொண்டாந்தானே."

"அவனுக்கு ஏது?"

"கலியாணத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்ட ஒழிச்சானாம். பரண்ல கெடந்துச்சாம். நல்ல பஞ்சு, எதுக்கு வீசணும்னு..." அவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் கமலம்?"

திருப்புளியை எடுத்து நானே பின்பலகையைக் கழற்றினேன். பஞ்சை வாரி முற்றத்தில் போட்டேன். பஞ்சு பெரும்பாலும் பூவாக இருந்தது. ஒரு கை அளவு மட்டும் பழுப்பேறிக் கட்டியாக இறுகியிருந்தது. பல் பதிந்து இறுகிய கட்டி. அதற்குள் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள். நான்கு. ஒன்றில் உடைந்த நகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சீதாவைக் குளிப்பாட்டியது நான். வலது கையில் பச்சை வளையல் இருந்தது, இடது கை மொட்டையாக இருந்தது. அதை அப்போதே பார்த்தேன். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு மஞ்சள் பூசினேன்.

தலையணை உறையை எரித்திருப்பான். கிழிந்து ரத்தம் பட்ட உறையை வைத்திருக்க முடியாது. ஆனால் பஞ்சை வீச மனம் வரவில்லை! வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி எடுத்து வைக்கிற பயல் அவன். ஒரு உயிரை அமுக்கிக் கொன்ற பஞ்சை, நல்ல பஞ்சாயிற்றே என்று சாக்கில் கட்டிப் பரணில் பத்திரப்படுத்தியிருக்கிறான். அதையே கொண்டு வந்து, அவள் கூடப்பிறந்தவள் வீட்டிலேயே, அடுத்த கலியாணத்துக்கு முதல்நாள் அவன் பேசப் போகிற பெட்டியில் அடைக்கச் சொல்லியிருக்கிறான்.

"போலீசுக்குப் போவம்" என்றேன்.

"போயி? பெட்டி மூச்சு விடுதுன்னு சொல்லுவியா? எரிச்சு ஆறு மாசமாச்சு கமலம். வளையல் எப்படி வேணும்னாலும் ஒடஞ்சிருக்கலாம்னுவான்."

"நீங்க நம்புறீங்களா, இல்லியா?"

அவர் தரையைப் பார்த்தார். "நம்புறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் செய்யமாட்டார்.

வளையல் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு ருக்மணி வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். ருக்மணி நான் சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"ஒந் தங்கச்சி வாழ்ந்த எடத்துல இன்னொருத்தி வர்றது ஒனக்குப் பொறுக்கல. அதான் இப்படி வாய்க்கு வந்தத பேசுற. நல்ல காரியம் நடக்குற வீட்டுல பொணத்துப் பேச்சு பேசாத. போயிடு."

உள்ளே மல்லிகா நின்றாள். கையில் புது வளையல்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அவளிடம் நான்கு துண்டுகளையும் காட்டினேன். ருக்மணி கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் கிடந்த பஞ்சைக் கடைசி இழைவரை பொறுக்கினேன். பழுப்புக் கட்டியை நடுவில் வைத்து, சுற்றிப் பஞ்சை அடைத்து, பின்பலகையை வைத்துப் பதினாறு திருகாணியையும் என் கையாலேயே இறுக்கினேன். என் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை.

பெட்டியின் மேல் கை வைத்துச் சொன்னேன்.

"சீதா, சனிக்கிழமை அவன் பேசுவான். நீயும் பேசு."

துணி ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது.

சனிக்கிழமை காலை சங்க மண்டபத்தில் நிற்க இடமில்லை. வேட்டி கட்டியவர்கள், சட்டையில் காகிதக் கொடி குத்திய பிள்ளைகள், மூன்றாவது வரிசையில் ருக்மணியும் மல்லிகாவும். வாசலில் போலீஸ் கார்ப்பரல் ஷரீஃபுதீன் சைக்கிளில் சாய்ந்து நின்றார். மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகள். சீதாவின் பெட்டி இடது பக்கம். நான் அதன் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தேன். பாலிஷ் வெளுத்தால் துடைக்க வேண்டும் என்று சொல்லி வந்திருந்தேன். மடியில் திருப்புளி.

கோலாலம்பூரில் மழையாம், தாமதமாகும் என்று ரேடியோ சொன்னது. பிறகு ஆரம்பித்தது. வலது பெட்டி கணீரென்று முழங்கியது. இடது பெட்டியில் சத்தமே இல்லை. சேதுபதி கம்பியை ஆட்டினான், பிடுங்கி மாட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் ரேடியோவில் "மெர்டேக்கா" என்ற சுதந்திர முழக்கம் வந்துவிட்டது. ஏழு தடவை. மண்டபமே எழுந்து நின்று கத்தியது. வயதானவர்கள் அழுதார்கள். நான் கத்தவில்லை. நான் இடது பெட்டியின் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரவாரம் அடங்கியதும் சேதுபதி ரேடியோவை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தான். பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனம்.

"பெரியோர்களே, தாய்மார்களே. நமக்கெல்லாம் இன்னைக்கு ஒரு..."

வார்த்தை நின்றது.

இடது பெட்டியின் துணி உள்ளே போனது. அவன் நெஞ்சும் உள்ளே போனது.

துணி வெளியே வரவில்லை.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்கள் பிதுங்கின. மண்டபத்தில் நொச்சி வாசனை எழும்பியது. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சுளித்துச் சுற்றிப் பார்த்தார்.

கீ... கீ...

இப்போது எல்லோருக்கும் கேட்டது. மைக் கெட்டுப்போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள்.

அவன் இருமினான். உதட்டில் வெள்ளையாக ஒரு இழை வந்தது. விரலால் எடுத்துப் பார்த்தான். மறுபடி இருமினான். ஒரு கொத்து வந்தது. இழுக்க இழுக்க வந்தது. பஞ்சு.

ஒரு பெண் வீறிட்டாள். என் கணவர் மேடைக்கு ஓடி வந்தார். "கமலம், பெட்டியத் தொற! அவன் சாவுறான்!"

நான் அசையவில்லை.

சேதுபதி முழங்காலில் விழுந்தான். மைக்கும் கூடவே விழுந்தது. என்னைப் பார்த்தான். ஆறு மாதத்தில் முதல்தடவையாக நேராக என் கண்ணைப் பார்த்தான்.

"சொல்லு" என்றேன்.

அவன் உதடு அசைந்தது. வாயில் பஞ்சு அடைத்திருந்தது, சத்தம் வர வழியில்லை. ஆனால் இடது பெட்டி முதல்தடவையாகப் பேசியது. அவன் குரலில்.

"நான்தான்... தலகாணிய வச்சு... அமுக்கினேன்."

முன்வரிசைக்காரர்கள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போறேன்னா... என்னை விட்டுப் போறேன்னா. எங்கடி போவ? ஒங்கக்காவே கதவத் தொறக்கலியே... திரும்பித்தான வந்த... அப்படின்னேன். கத்துனா. கத்தக் கூடாதுன்னு..."

கார்ப்பரல் ஷரீஃபுதீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மல்லிகா எழுந்து நின்றாள். கழுத்தில் கிடந்த நிச்சயச் சங்கிலியைக் கழற்றித் தன் அம்மாவின் மடியில் போட்டாள். பிறகு எல்லோரும் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள். என் கதவைப் பற்றி அவன் சொன்னது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

அவன் செத்துவிட்டால் தப்பித்துவிடுவான். அதற்காகத்தான் திருப்புளியை எடுத்தேன். நான்கு திருகாணியைக் கழற்றிவிட்டு, மற்றதோடு பலகையை நெம்பிப் பிய்த்தேன். பஞ்சு தானாக வெளியே சரிந்தது. மேடைமேல் அவன் இழுத்த மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவனைக் கொண்டு போனார்கள். அவன் சொன்னதை முந்நூறு பேர் கேட்டிருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை. வளையல் துண்டுகளும் போலீசிடம் போயின. அவர்களுக்கு வேண்டிய ஒரு பிடிப் பஞ்சு போக மிச்சத்தைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போய், அவளை எரித்த இடத்திலேயே வைத்துக் கொளுத்தினோம். பெட்டி இப்போது வெறும் பெட்டி. தட்டினால் மரச் சத்தம்தான் வருகிறது. மல்லிகா இன்னும் கோவிலுக்கு வருகிறாள், பூக் கட்டுகிறாள். முன்போல வாய் ஓயாமல் பேசுவதில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறாள்.

இத்தனை நேரம் சேதுபதியைத் திட்டினேன். என் கணவரைத் திட்டினேன், ருக்மணியைத் திட்டினேன். என்னைப் பற்றி மட்டும் சொல்லாமல் நழுவிக்கொண்டே வந்தேன்.

சீதா சாவதற்கு முதல்நாள் உச்சி வேளையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் சாப்பாடு போட்டு, புத்தி சொல்லி, நானே கொண்டுபோய் அவன் வீட்டில் விட்டேன். மூன்றாவது தடவை எனக்குக் கோபம். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கோபம். தாழ்ப்பாளை எடுக்காமலே உள்ளிருந்து சொன்னேன். "புருஷன் வீட்டுல போயி இரு. சும்மா சும்மா ஓடி வராத." வெளியே கொஞ்ச நேரம் இளைப்புச் சத்தம் கேட்டது. நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சத்தம் இல்லை.

சுடுகாட்டில் பஞ்சை எரித்த மறுநாளிலிருந்து, உச்சி வேளையில் கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்கிறது. முதல் சில நாள் கதவு தாழ்ப்பாளோடு மெல்ல உள்ளே அழுந்தியது, பிறகு விலகியது.

இப்போதெல்லாம் தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் வெயில்தான் இருக்கிறது. யாரும் தெரியவில்லை. இழுப்பு மட்டும் நிலைப்படிக்கு அந்தப் பக்கத்திலேயே நின்று கேட்கிறது.

"உள்ள வா சீதா" என்கிறேன். தினமும் சொல்கிறேன்.

வரவில்லை. போகவும் இல்லை.